தாய்ப்பால் தானம்: மனசில்லாதது யாருக்கு?

தாய்ப்பால் தானம் என்றாலே, "நம்ம பொண்ணுங்களுக்கு மனசு வராதுங்க" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். மனசு வரவில்லையா, கேட்க ஆளில்லையா?

பிரசவ வார்டில் பால் கட்டி வலி தாங்காமல் ஒருத்தி பீய்ச்சிக் கீழே ஊற்றுகிறாள். அதே கட்டடத்தில் இன்குபேட்டரில் ஒரு குறைமாதக் குழந்தை. அதன் தாய்க்கு இன்னும் பால் சுரக்கவில்லை. பவுடர் பாலைவிட தானப் பால்தான் அந்தப் பிஞ்சுக் குடலை அழுகல் நோயிலிருந்து அதிகம் காக்கும். நடுவில் நிற்பது மாமியாரோ அம்மாவோ சொன்ன ஒரு வார்த்தை: "கொடுத்தா உன் புள்ளைக்குக் குறைஞ்சிடும், கண்ணு பட்டுடும்." (கணவர் தலையாட்டுவது தனிக்கதை.) எடுக்க எடுக்கத்தான் பால் ஊறும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? தன் பிள்ளை குடித்து மீந்ததைத்தானே கேட்கிறார்கள்!

"யாரோ ஒருத்தி பாலா?" என்று முகம் சுளிக்கும் வீட்டிலேயே, உமையம்மை கிண்ணத்தில் கொடுத்த பாலைக் குடித்த சம்பந்தர் படத்துக்குப் பூ வைக்கிறார்கள். கொடுப்பவருக்கு எச்ஐவி, ஹெபடைடிஸ் பி சோதனை உண்டு. பாலை 62.5 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கிய பிறகே கொடுக்கிறார்கள்.

மும்பை சயான் மருத்துவமனையில் 1989லேயே பால் வங்கி வந்தாயிற்று. தமிழக அரசு மருத்துவமனைகளுக்கு 2014ல் வந்தது. மாதாமாதம் செக்கப்புக்கு வரும் கர்ப்பிணியிடம் இதை எத்தனை பேர் எடுத்துச் சொல்கிறார்கள்? முதலில் அவளிடம் நேரே கேளுங்கள். மறுத்தால் அப்புறம் திட்டலாம்.