புறவழிச்சாலையின் கணக்கில் வராத ஊர்கள்

என் மனைவிக்குச் செலவுக் கணக்கு எழுதும் பழக்கம் உண்டு. திருமணமான நாளிலிருந்து ஆண்டுக்கு ஒரு குறிப்பேடு. கடந்த தை மாதக் கடைசியில் நாங்கள் இருவரும் திருச்சியிலிருந்து பூம்புகார் வரை காரில் சென்று திரும்பினோம். போகும்போது காவிரியை ஒட்டிய பழைய சாலை; திரும்பும்போது பெரும்பகுதி நான்குவழிச்சாலை. வீடு வந்து சேர்ந்தபின் அந்தக் குறிப்பேட்டைப் புரட்டியபோது, 30 ஆண்டுகளுக்கும் மேலாக வகுப்பறையில் நான் நடத்திய பாடத்தில் ஒரு பக்கம் விடுபட்டிருந்தது தெரிந்தது.

போன வழியில் 33 பதிவுகள். திருக்காட்டுப்பள்ளியில் இரண்டு சீப்பு பூவன், திருவையாற்றில் அசோகா, கபிஸ்தலம் அருகே டயர் பஞ்சர், சுவாமிமலையில் கையடக்கமான வெண்கல விளக்கு, கும்பகோணத்தில் அறை வாடகையும் ஒரு கவுளி வெற்றிலையும், மயிலாடுதுறையில் மதிய உணவு, இடையிடையே தேநீர், இளநீர், பூ. திருபுவனத்தில் ஒரு பட்டுப் புடவையும் உண்டு. அதைப் பயணச் செலவில் சேர்க்கக் கூடாது என்பது மனைவியின் வாதம். சேர்த்தே தீர வேண்டும் என்பது என் வாதம். திரும்பிய வழியில் நான்குவழிச்சாலையில் மூன்றே பதிவுகள்: பெட்ரோல், சுங்கக் கட்டணம், காபி. இவற்றில் சுங்கக் கட்டணத்தைக்கூட அவர் கைப்பேசிக்கு வந்த குறுஞ்செய்தியைப் பார்த்துத்தான் எழுதினார். 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமானதிலிருந்து, நெடுஞ்சாலையில் பணம் கைமாறுவதே கண்ணில் படுவதில்லை.

ஒரே ஒரு குடும்பத்தின் இரண்டு நாள் கணக்கை எந்த ஆய்விதழும் சான்றாக ஏற்காது. நானும் அப்படி முன்வைக்கவில்லை. ஆயினும் அது எழுப்பும் கேள்வி சிறியதன்று.

நாங்கள் சென்றது மாநில நெடுஞ்சாலை 22. கல்லணையில் தொடங்கித் திருவையாறு, கும்பகோணம், ஆடுதுறை, மயிலாடுதுறை வழியாகக் காவிரிப்பூம்பட்டினத்தில் முடியும் சாலை. கோவலனும் கண்ணகியும் புகாரிலிருந்து புறப்பட்டு, காவிரியின் வடகரை வழியாகத் திருவரங்கம் நோக்கி நடந்ததைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. நாம் எதிர்த்திசையில் போகிறோம் என்று மனைவி சொன்னார். அவர்கள் கையில் முதலீடாக இருந்தது சிலம்பு மட்டுமே என்பதையும் நினைவூட்டினார். திருபுவனம் வருவதற்கு முன்பு சொன்னதால் நானும் ரசித்தேன்.

தை மாதத்தில் இந்தச் சாலை அழகானது. ஒருபுறம் ஆற்றின் கரை, மறுபுறம் அறுவடைக்கு நிற்கும் சம்பா. சில இடங்களில் சாலையின் பாதியை நெல்லும் வைக்கோலும் அடைத்துக்கொள்கின்றன. உலர்களம் போதாத ஊரில் தார்ச்சாலைதான் களம். ஊருக்குள் நுழைந்தால் கடைத்தெருவின் வேகத்துக்கு வண்டியும் இறங்கியாக வேண்டும். அப்படி இறங்கும்போதுதான் பழக்குலை கண்ணில் படுகிறது, வண்டி நிற்கிறது, பதிவு ஒன்று கூடுகிறது. சிற்றூர்க் கடைத்தெருவின் பொருளாதாரம் இவ்வளவு எளிமையானது. வழிப்போக்கர் மெதுவாகப் போவதால் அது பிழைக்கிறது.

ஒரு புறவழிச்சாலைக்கான திட்ட அறிக்கையோ இதே மெதுவைத்தான் செலவாகக் கருதுகிறது. பயண நேரம் எவ்வளவு மிச்சமாகும், எரிபொருளும் வாகனத் தேய்மானமும் எவ்வளவு குறையும், விபத்து எவ்வளவு குறையும் என்பவை வரவுப் பக்கத்தில் வரும். கட்டுமானமும் நில எடுப்பும் பராமரிப்பும் செலவுப் பக்கத்தில். ஊரைத் தவிர்த்துச் செல்லும் ஒவ்வொரு நிமிடமும் பயணிக்கு ஆதாயம். அந்த நிமிடத்தில் ஊர் இழந்த வியாபாரத்துக்கு எந்தப் பக்கத்திலும் இடமில்லை. இங்கே இழந்தது வேறோர் இடத்தில் வரவாகும், நாட்டுக்கு நிகர இழப்பு இல்லை என்பது பாடநூல் விளக்கம். நானே பல முறை சொல்லியிருக்கிறேன். அந்த வேறோர் இடம் எது, யாருடையது என்று மாணவர் எவரும் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை.

ஆய்வுகள் இதைத் தொட்டிருக்கின்றன. தங்க நாற்கரச் சாலையை ஒட்டி 10 கி.மீ. தொலைவுக்குள் தொழில் உற்பத்தி வளர்ந்தது என்று கனி, கோஸ்வாமி, கெர் ஆகியோர் 2016-இல் காட்டினர். அதற்கு அப்பால் அந்தப் பலன் தெரியவில்லை. சீனத்தின் முதன்மை நெடுஞ்சாலைகளை ஆராய்ந்த பெஞ்சமின் ஃபேபர், பெருநகரங்களை இணைக்கும் சாலை குறுக்கே கடந்து சென்ற சிறு வட்டாரங்களில், சாலை செல்லாத வட்டாரங்களைவிட வளர்ச்சி குறைந்திருந்ததை 2014-இல் வெளியிட்டார். பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தைப் பற்றி ஆஷர், நோவோசாட் இருவரும் 2020-இல் எழுதிய கட்டுரையும் முக்கியமானது: சாலை வந்ததும் மக்கள் விவசாயத்தை விட்டு வேறு வேலைக்குச் சென்றார்கள், ஊரின் வருமானத்திலோ உடைமையிலோ பெரிய மாற்றம் இல்லை. சாலை ஊருக்கு வருவதும், சாலையால் ஊருக்கு வரவு ஏற்படுவதும் வெவ்வேறு என்பதை இம்மூன்று ஆய்வுகளும் சொல்கின்றன.

இதைக் கண்ணால் கண்டது திரும்பும் வழியில். விக்கிரவாண்டி - தஞ்சாவூர் நான்குவழித் திட்டம் ஏறத்தாழ 165 கி.மீ. நீளமானது. அதில் சோழபுரத்திலிருந்து தஞ்சாவூர் வரையிலான பகுதி பெரும்பாலும் வயல்களுக்கிடையே புதிதாக வகுக்கப்பட்ட தடம். கும்பகோணத்தையும் பாபநாசத்தையும் தொடாமல் செல்கிறது. பாபநாசத்தில் உறவினர் ஒருவரைப் பார்க்க வேண்டியிருந்ததால், அதுவரை பழைய சாலையில் வந்தோம். ஊருக்கு வெளியே ஒரு தேநீர்க் கடை. நடத்தும் அம்மாவுக்கு எங்கள் வயதிருக்கும். "கார்க்காரங்க யாரும் இந்தப் பக்கம் வர்றதில்லைங்கய்யா. பஸ்ஸும் பைக்கும்தான். சாயங்காலம் பஜ்ஜி போடுறதையே விட்டுட்டேன்" என்றார். சற்று நேரம் கழித்து, நாங்கள் கேட்காமலேயே, "ஆனா பேத்தி பள்ளிக்கூடம் போக ரோட்டைக் கடக்குறப்ப இப்ப நான் வாசல்ல வந்து நிக்க வேண்டியதில்ல" என்றும் சொன்னார்.

இரண்டாவது வாக்கியத்தை மறைத்துவிட்டு முதல் வாக்கியத்தை மட்டும் எழுதுவது நேர்மையாகாது. 2022-இல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள். 17,884 பேர் இறந்தனர். லாரிகளும் தொலைதூரப் பேருந்துகளும் பள்ளிக்கூட வாசலைக் கடந்து போவதை எந்த ஊரும் விரும்பாது. எனவே புறவழிச்சாலையே வேண்டாம் என்பது என் கட்சியன்று. அதன் ஆதாயத்தை அனைவரும் பகிர்ந்துகொள்ள, இழப்பை மட்டும் ஒரு கடைத்தெரு தனியே சுமக்க வேண்டியதில்லை என்கிறேன்.

2013-ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம் நிலம் இழந்தவருக்கும், அந்த நிலத்தை நம்பிப் பிழைத்தவருக்கும் இழப்பீடு தருகிறது. நிலம் எடுக்கப்படாமல் வாடிக்கை மட்டும் எடுக்கப்பட்டவருக்கு அதில் இடமில்லை. புறவழிச்சாலை திறந்தபின், ஊருக்குள் இருக்கும் பழைய பகுதி தேசிய நெடுஞ்சாலை என்ற தகுதியை இழந்து மாநில அரசின் பொறுப்புக்கு வருவது வழக்கம். வாகனமும் போய், பராமரிக்க இருந்த மத்திய நிதியும் போகிறது. 2008-ஆம் ஆண்டு விதிகளின்படி காருக்கு கி.மீ. ஒன்றுக்கு 65 காசு என்ற அடிப்படையில் தொடங்கிய சுங்கக் கட்டணம், ஆண்டுதோறும் 3 சதவீதமும் மொத்த விலைக் குறியீட்டு உயர்வில் 40 சதவீதமும் கூடிக்கொண்டே வருகிறது. அதில் ஒரு காசும், தவிர்க்கப்பட்ட ஊரின் பேரூராட்சிக்கோ ஊராட்சிக்கோ போவதில்லை.

சுரங்கத் துறையில் இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. 2015-ஆம் ஆண்டின் திருத்தத்தின்படி, குத்தகைதாரர்கள் தாங்கள் கட்டும் உரிமத் தொகையில் 10 அல்லது 30 சதவீதத்துக்கு இணையான தொகையை மாவட்ட கனிம அறக்கட்டளைக்குத் தருகிறார்கள். அது சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட பகுதிக்குச் செலவிடப்பட வேண்டும். அந்த நிதியின் நிர்வாகத்தில் குறைகள் உண்டு, கொள்கையில் இல்லை. சுங்கக் கட்டணத்தில் ஒரு சிறு பங்கை, தவிர்க்கப்பட்ட ஊர்களின் பழைய சாலைக்கும் சந்தைக்கும் பேருந்து நிலையத்துக்கும் முதல் பத்தாண்டுகளுக்காவது ஒதுக்க இதே தர்க்கம் போதும். பேருந்துகளின் செய்தியும் இதில் அடங்கும். தொலைதூரப் பேருந்துகள் நள்ளிரவில் பயணிகளைப் புறவழிச்சாலை முனையில் இறக்கிவிட்டுப் போவது பல மாவட்டங்களில் பழைய புகார். காரில் போகும் எனக்கு மிச்சமான 20 நிமிடத்துக்கு, பையும் குழந்தையுமாக இருட்டில் 2 கி.மீ. நடக்கும் ஒரு பெண் விலை கொடுக்கிறார். அந்த நடையும் திட்ட அறிக்கையில் இல்லை.

டெல்டாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. திருவையாற்றுக்கான புறவழிச்சாலைக்காக 2022-இல் நெற்பயிர் நின்ற வயலில் பணி தொடங்கியபோது விவசாயிகள் எதிர்த்துப் போராடினர். பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலத்துக்கென 2020-இல் சட்டம் இயற்றிய மாநிலம் இது. ஆனால் அச்சட்டமே சாலை உள்ளிட்ட உள்கட்டமைப்புப் பணிகளுக்கு விலக்கு அளித்திருக்கிறது. ஊரும் வயலும் சேர்ந்து ஒரே பொருளாதாரமாக இருக்கும் பகுதியில், வயல் வழியே சாலை போனால் ஊர் வாடிக்கையை இழக்கிறது, வயல் நிலத்தை இழக்கிறது. இரண்டையும் ஒரே அறிக்கையில் கூட்டிப் பார்க்கும் வழக்கம் நம்மிடம் இல்லை.

மூன்றாவது பதிவான காபியைப் பற்றியும் சொல்ல வேண்டும். தஞ்சாவூருக்கும் திருச்சிக்கும் இடையே, 'கும்பகோணம் டிகிரி காபி' என்ற பலகையைக் கண்டு நிறுத்தினோம். பித்தளை டவரா, சுமாரான காபி. மாநிலம் முழுவதும் நெடுஞ்சாலைகளில் இந்தப் பலகைகளைக் காணலாம். சுவாமிமலை வெண்கலச் சிலைக்கும், நாச்சியார்கோவில் குத்துவிளக்குக்கும், திருபுவனம் பட்டுக்கும், 2025-இல் கும்பகோணம் வெற்றிலைக்கும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. காபிக்கு அந்தக் காப்பு இல்லை. ஊரைத் தவிர்த்துப் போகிறவர்களுக்கு ஊரின் பெயரை விற்கிறார்கள். விலை ஊருக்குப் போகவில்லை.

தஞ்சைப் பகுதியில் சாலை முடிந்துவிட்டது. அங்கே செய்யக்கூடியது இனி நிவாரணம்தான். ஆனால் அதே திட்டத்தில் ஆண்டுக்கணக்கில் இழுத்தடிக்கப்பட்ட விக்கிரவாண்டி - சேத்தியாத்தோப்பு பகுதி, பண்ருட்டியின் பலாவும் முந்திரியும் குவியும் வட்டாரத்தின் வழியே வருகிறது. அங்கே சாலையோரம் பலாப்பழம் அடுக்கி விற்பவர்களுக்கு நான்குவழிச்சாலையில் வண்டி நிறுத்த ஓர் அணுகுசாலையும், நிழலுள்ள சந்தைத் திடலும் ஒதுக்குவது மொத்தச் செலவில் பொருட்படுத்தத்தக்க தொகையே அல்ல. வைகாசியில் பழம் வரத்து கூடும்போது அந்த வழியே போய் வரலாம் என்று மனைவி தீர்மானித்திருக்கிறார். இந்த ஆண்டுக் குறிப்பேட்டில் இன்னும் நிறையப் பக்கங்கள் இருக்கின்றன.