இரண்டாவது கட்டில்

பேராதனையில் ஐம்பதுகளில் படித்த ஆக்களோட கதைச்சுப் பாருங்கோ. "எங்கட காலத்தில ஆளுக்கொரு அறை" எண்டு தொடங்குவினம். பிறகு ஒரு பெருமூச்சு. எனக்கு அந்தப் பெருமூச்சோடதான் சண்டை.

அந்த விடுதிகள் அழகானவை, மறுக்கேல்லை. 1942இல் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. முதல் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸுக்கு, மாணவர் சேர்ந்து வாழ்வதும் படிப்பின் ஒரு பகுதி. அதனால்தான் 'ஹோல்' எண்டால் படுக்கிற இடம் மட்டுமில்லை. சாப்பாட்டு மண்டபமும் பொது அறையும் அதில் அடக்கம். வளாகத் திட்டம் பற்றிக் அபர்குறோம்பியும் கிளிஃபர்ட் ஹொலிடேயும் போட்டது. கட்டடக் கலைஞர் ஷேர்லி டி அல்விஸ், கண்டிய பாணிக் கூரைகளை நவீன கட்டடங்களுக்கு மேலே கொண்டுவந்து வைத்தார். ஹந்தானை மலைக்குக் கீழே அவை அந்நியமாகத் தெரியாததற்கு அதுவே காரணம்.

ஆனால் அந்தத் தனி அறைக்குள் யார் இருந்தது? ஆங்கிலத்தில் படிக்க வசதி கிடைத்த சிறு கூட்டம். 1960 அளவில் கலைப் படிப்புகள் சிங்களத்திலும் தமிழிலும் நடக்கத் தொடங்க, கிராமத்துப் பிள்ளைகள் பெருமளவில் வந்தார்கள். ஒருவருக்கான அறைக்குள் இரண்டாவது கட்டில் வந்தது. சிலர் இதைத்தான் 'வீழ்ச்சி' என்கிறார்கள்.

அங்குள்ள ஒரு விடுதிக்கு சேர் பொன்னம்பலம் அருணாசலத்தின் பெயர். இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டுமென்று 1906இலேயே சங்கம் அமைத்து வாதாடியவர். தாய்மொழிக் கல்விக்காகவும் குரல் கொடுத்தவர். 1924இல் காலமானார், பேராதனையைக் காணவில்லை. கண்டிருந்தால், தமிழில் படித்துவந்த பிள்ளை இழுத்துப்போட்ட அந்த இரண்டாவது கட்டில் அவருக்குச் சந்தோசத்தைத்தான் குடுத்திருக்கும் எண்டு நான் நம்புறன்.

அதுக்காக நெரிசலைக் கொண்டாடச் சொல்லேல்லை. மேசை வைக்க இடமில்லாத அறையில் படிப்பது கஷ்டம். பிள்ளைகள் கூடினால் புது விடுதி கட்டவேணும். பழையதின் விறாந்தையை அடைச்சு அறையாக்கிறது தீர்வில்லை.

பழைய விடுதிகளைப் பாதுகாப்போம் எண்டு சொல்லுறவையிட்ட ஒரு கேள்வி: கூரையையும் தூண்களையும் மட்டுமோ? அங்க நெருக்கியடிச்சு இருந்து படிச்ச முதல் தலைமுறையின்ர கதையையும் எழுதிவையுங்கோ. உங்கட வீட்டில அப்படி ஒருத்தர் இருந்தால், இந்த லீவிலேயே கேளுங்கோ.