ஊராரின் மண்டபம்

எழுமலையிலிருந்து மதுரைக்கு வந்து, மானாமதுரைச் சாலையில் சென்றால் இடைக்காட்டூர். பெர்டினாண்ட் செல் என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் 1894-ம் ஆண்டில் அங்கே எழுப்பிய திரு இருதய ஆலயம், கூரிய வளைவுகளோடு விளங்குகிறது. அதன் சாயல், 1211-ல் கட்டத் தொடங்கிய பிரான்ஸ் தேசத்து ரீம்ஸ் பேராலயத்தினுடையது. அங்கே கல், இங்கே பல வடிவ அச்சுகளில் அறுத்துச் சுட்ட செங்கல்.

இத்தகைய கட்டடங்களைக் காப்பது யார் கடமை? இடைக்கால இங்கிலாந்துக் கிராமங்களில் இதற்கோர் ஏற்பாடு இருந்தது. பீடப் பகுதியைப் பழுதுபார்ப்பது பாதிரியாரின் பொறுப்பு. ஜனங்கள் கூடும் மண்டபமோ ஊராரின் பொறுப்பு. அம்மண்டபங்களுள் பல இன்றும் நிற்கின்றன.

மாதா கோயிலாயினும் அம்மன் கோயிலாயினும், பழையதை இடித்துப் புதியது கட்டுதல் எளிது. இடித்த பின் பழையதைப் பெறுதல் இயலுமோ? கூடும் மண்டபம் நம்முடையதானால், அதன் பழுதும் நம்முடையதன்றோ?