மீன் வராத நாளில் ஒரு காளான் வறுவல்

 

திருவொற்றியூரிலிருந்து புதிதாகக் கல்யாணமான ஒரு பெண் எழுதியிருக்கிறாள். "பெரிய கடையில் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பாக ஒரு காளான் பார்த்தேன். போர்ட்டோபெல்லோ என்று எழுதியிருந்தது. விலை அதிகம்தான். ஆனாலும் ஆசைப்பட்டு வாங்கி வந்து குழம்பு வைத்தேன். குழம்பு கறுத்துப் போய், தண்ணீராக ஓடி, வீட்டில் ஒருவரும் தொடவில்லை. நான் என்ன தப்பு செய்தேன்?" என்று கேட்கிறாள்.

பெரிய தப்பு ஒன்றுமில்லை அம்மா. நானும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

முதலில் அந்தப் பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். நாம் 200 கிராம் பொட்டலமாக வாங்குகிறோமே வெள்ளை மொட்டுக் காளான், அதே ஜாதிதான் இது. பிஞ்சுக் கத்தரிக்காய்க்கும் முற்றின கத்தரிக்காய்க்கும் உள்ள உறவு என்று வைத்துக்கொள்ளுங்களேன். பழுப்பு ரகத்தை மொட்டாகப் பறிக்காமல் சில நாள் விட்டுவைத்தால், தொப்பி குடை மாதிரி விரிந்துவிடும். அதற்குத்தான் இந்தப் பெயர். பார்க்கப் போனால் பழுப்புதான் பழைய நிறம். 1920-களில் அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் ஒரு பண்ணையில் வெள்ளையாக ஒன்று முளைத்ததாம். அதைப் பெருக்கித்தான் கடையெல்லாம் வெள்ளைக் காளான் ஆயிற்று. விரிந்து முற்றியதை யாரும் மதிக்காமல் இருந்த காலம் போய், 1980-களில் ஸ்டைலாகப் பெயர் வைத்து நல்ல விலைக்கு விற்க ஆரம்பித்தார்கள். வியாபாரிகள் சமர்த்தர்கள்தான்!

எனக்குக் காளான் பழக்கமானதே ஒரு கெட்ட காலத்தில். நாங்கள் இருப்பது எண்ணூர் கத்திவாக்கம் பக்கம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது, வெள்ளத்தோடு எண்ணெயும் கழிமுகத்தில் பரவிவிட்டது. கொசஸ்தலை ஆற்றுத் தண்ணீர் கறுத்துக் கிடந்தது. படகு, வலை, கரையோரச் செடி எதைத் தொட்டாலும் பிசுக்கு. மீன்பிடிக்கிறவர்களே வாளியும் மக்கும் எடுத்துக்கொண்டு எண்ணெயை அள்ளினார்கள்.

எங்கள் தெருவுக்குக் கூடை சுமந்து வருகிற மீன்கார அக்கா எனக்கு இருபது வருஷப் பழக்கம். "இது காசிமேட்டுல எடுத்தது கண்ணு, கடல் மீனு, ஆத்து மீன் இல்ல" என்று அந்த நாட்களில் வாசல் வாசலாகச் சத்தியம் பண்ணினார். ஒருத்தரும் வாங்கவில்லை. நானும்தான் வாங்கவில்லை. சின்னக் குழந்தை இருக்கிற வீடு, மனசு ஒப்பவில்லை. நிறைந்த கூடையோடு வந்தவர் நிறைந்த கூடையோடு திரும்பினார். அப்புறம் வரவே இல்லை.

என் மாமியாருக்கு மீன் குழம்பு இல்லாமல் சோறு இறங்காது. நான்கு நாள் பொறுத்தார். ஐந்தாம் நாள் காலை, மழைக்குப் பின்கட்டுச் சுவரோரம் முளைத்திருந்த காளானை முந்தானை நிறையப் பறித்துக்கொண்டு வந்து நின்றார்.

"ஊர்ல புத்துக் காளான் பறிச்சுத் தின்னு வளந்தவ நான். வெள்ளிக் கரண்டியைப் போட்டுக் கொதிக்க வை. கறுக்கலேன்னா விஷமில்லே."

"வேணாம் அத்தை. இது அது இல்லே."

"உனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?"

நான் பேசாமல் வாங்கிக் குப்பைத் தொட்டியில் போட்டேன். இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகிறது என்று இருந்துவிட்டேன். இளம் தாய்மார்கள் இதை மட்டும் மனசில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளி கறுப்பது, மஞ்சள் நிறம் மாறுவது, பூண்டு நீலமாவது, பூச்சி அரித்திருந்தால் நல்லது என்பது, இவற்றில் ஒன்றுகூடக் காளானுக்குச் சரியான பரீட்சை இல்லை. கொடிய விஷமுள்ள சில காளான்களை எவ்வளவு வேகவைத்தாலும் விஷம் போகாது. தின்ற உடனே ஒன்றும் தெரியாது. ஆறு மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் வாந்தியும் பேதியும் வரும். நடுவில் தேறிவிட்டது மாதிரி காட்டும், உள்ளே ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும். சந்தேகமான காளானை யாராவது தின்றுவிட்டால், வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மிச்சமிருக்கும் துண்டையும் கையோடு எடுத்துப் போங்கள். ஊரில் பாட்டி பார்த்துப் பறித்தது வேறு. இங்கே நம் சுவரோரம் முளைப்பது வேறு.

மாமியாரைச் சமாதானப்படுத்த வேண்டுமே! கடைக்குப் போய்க் காளான் வாங்கி வந்தேன். மீன் குழம்பு வைக்கிற மாதிரியே வைத்தேன். அந்தத் திருவொற்றியூர்ப் பெண்ணுக்கு ஆன கதைதான் எனக்கும். "இது குழம்பா, கழனித் தண்ணியா?" என்றார். பேசிவிட்டாரே என்று எனக்கு ஒரு பக்கம் சந்தோஷம்.

என்ன விஷயம் என்றால், காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அந்தத் தண்ணீரை முதலில் வெளியேற்றாமல் மசாலாவில் போட்டால், அத்தனையும் குழம்பில் இறங்கிவிடும். மீன் குழம்பில் போட்டதும் வெந்து அடங்கும். காளானோ குளிக்கிற குழந்தை மாதிரி தண்ணீரை வாரி இறைக்கும். குழம்பு கறுப்பதற்குக் காரணம், குடைக்கு அடியில் விசிறி மடிப்பு மாதிரி இருக்கிற கறுப்பு இதழ்கள். சிறு ஸ்பூனால் மெதுவாகச் சுரண்டி எடுத்துவிடலாம். விஷமில்லை, நிறத்துக்காகத்தான். வறுவலுக்குச் சுரண்டவே வேண்டாம். அதில்தான் மசாலா உட்காரும்.

வறுவல் சொல்கிறேன், இதுதான் எங்கள் வீட்டில் ஜெயித்தது. பெரிய குடைக் காளான் நான்கு. தண்ணீரில் ஊறப்போடாதீர்கள்; ஈரத் துணியால் துடைத்தால் போதும். மண் இருந்தால் குழாயில் சட்டென்று காட்டித் துடையுங்கள். காம்பைத் திருகி எடுத்துத் தனியே வையுங்கள், எறிந்துவிடாதீர்கள். இரும்பு தோசைக்கல்லை நன்றாகக் காயவிட்டு, எண்ணெய் விடாமல், குடையை மல்லாத்தி வையுங்கள். மூடி போடக் கூடாது, உப்பும் இப்போது கூடாது. நாலைந்து நிமிஷத்தில் குழிக்குள் தண்ணீர் ஊறி நிற்கும். இடுக்கியால் பிடித்து அதை ஒரு கிண்ணத்தில் சாய்த்துவிட்டுக் கவிழ்த்துப் போடுங்கள். சொய்யென்ற சத்தம் அடங்கி, ஓரம் சுருங்கிப் பழுப்பாக வரட்டும். கிண்ணத்துத் தண்ணீரைக் கொட்டாதீர்கள், ருசியெல்லாம் அதில்தான். ரசத்திலோ குழம்பிலோ விடலாம்.

இனிமேல்தான் மசாலா. மிளகாய்த்தூள் ஒன்றரை டீஸ்பூன், தனியாத்தூள் ஒரு டீஸ்பூன், மஞ்சள்தூள் கால் டீஸ்பூன், இஞ்சி பூண்டு விழுது ஒரு டீஸ்பூன், அரிசி மாவு இரண்டு டீஸ்பூன், அரை மூடி எலுமிச்சம்பழச் சாறு, உப்பு. மீனுக்குப் போடுவதில் முக்கால் பங்கு உப்பு போதும், காளான் சுருங்கிவிடுகிறது இல்லையா. கெட்டியாகக் குழைத்து இரண்டு பக்கமும் தடவி, பத்து நிமிஷம் வைத்து, இரண்டு ஸ்பூன் நல்லெண்ணெயும் ஒரு கொத்துக் கறிவேப்பிலையும் போட்டு மிதமான தீயில் முறுக விடுங்கள். முதலிலேயே மசாலா தடவினால், ஊறி வரும் தண்ணீர் அதைக் கழுவிக் கல்லில் தீய்த்துவிடும். வரிசை மாறக் கூடாது, அவ்வளவுதான் சூட்சுமம்.

குழம்புக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வெந்தயம், சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி, புளி, வீட்டுக் குழம்புத்தூள், கிடைத்தால் இரண்டு கீற்று மாங்காய் என்று உங்கள் மீன் குழம்பு எப்படியோ அப்படியே. எண்ணெய் பிரிந்து கெட்டியான பிறகு, கல்லில் வாட்டித் தடிமனாக அரிந்த காளானைப் போட்டு ஏழெட்டு நிமிஷம் கொதிக்கவிடுங்கள். ஒன்று, மீன் குழம்பை மறுநாளுக்கு வெளியில் வைத்துச் சாப்பிடும் பழக்கத்தை இதற்குக் கொண்டுவராதீர்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் கெட்டுப்போகும். மிஞ்சினால் பிரிட்ஜில்.

காம்புகளை மெல்லிசாக அரிந்து வதக்கி, என் பெண் அத்தோவில் போட்டுக்கொள்வாள். 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் வடசென்னைக்குக் கொண்டுவந்த நூடுல்ஸ் அது. முட்டைக்கோஸ், புளித்தண்ணீர், வறுத்த பூண்டு, மிளகாய் என்று கையாலேயே பிசைந்து தருவார்கள். அதில் காளான் பொருந்திப் போகிறது.

சத்து விஷயத்தில் ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். கறி மாதிரி மெல்லலாம், கறி மாதிரி மணக்கலாம், ஆனால் காளான் கறி ஆகாது. 100 கிராம் மீனில் 18, 20 கிராம் புரதம் இருக்கும். காளானில் இரண்டு மூன்று கிராம்தான். பொட்டாசியம் உண்டு, பி வைட்டமின்கள் சில உண்டு, கொழுப்பு மிகக் கொஞ்சம். வளர்கிற பிள்ளைக்கும் பால் கொடுக்கிற தாய்க்கும் காளான் வறுவலை வைத்துவிட்டு "இன்னிக்கு மீனுக்குப் பதில் இது" என்று திருப்திப்பட்டுவிடாதீர்கள். கூடவே பருப்போ சுண்டலோ முட்டையோ இருக்கட்டும். குழந்தைக்கு முதல் தடவை என்றால் நன்றாக வேகவைத்த சின்னத் துண்டு போதும், ஒத்துக்கொள்கிறதா பாருங்கள். பச்சையாக யாருக்கும் வேண்டாம். அரிந்த காளானை நடுப்பகல் வெயிலில் அரை மணி வைத்தால் வைட்டமின் டி ஊறுகிறது என்பது வாஸ்தவம்தான். எங்கள் மாடியில் எதை வைத்தாலும் சாம்பல் தூசி படிகிறது, அதனால் நான் வைப்பதில்லை. தூசியில்லாத ஊர்க்காரர்கள் செய்து பாருங்கள்.

போர்ட்டோபெல்லோ கிடைக்கவில்லையா? விட்டுத்தள்ளுங்கள். மொட்டுக் காளான் ஜாதிக்குக் குளிர் வேண்டும், அதனால் நமக்கு ஊட்டிப் பக்கம்தான் ஏற்றது. நம் வெயிலிலேயே வளருகிற பால் காளான் இருக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998-ல் ஏ.பி.கே. 2 என்ற ரகத்தை வெளியிட்டது. வெள்ளை வெளேரென்று, தண்டே கட்டைவிரலைவிடத் தடிமனாக, நல்ல சதைப்பற்றோடு இருக்கும். தண்டை வட்டமாக அரிந்து மேலே சொன்ன மாதிரி வாட்டினால், வஞ்சிரத் துண்டு போலவே தட்டில் உட்காரும். குழம்பும் கறுக்காது. என்னைக் கேட்டால் வறுவலுக்குப் போர்ட்டோபெல்லோ, குழம்புக்குப் பால் காளான். எதை வாங்கினாலும் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்துக் காகிதப் பையில் போட்டு பிரிட்ஜில் வையுங்கள். வழவழப்போ கெட்ட வாசனையோ வந்துவிட்டால் காசைப் பார்க்காதீர்கள், எறிந்துவிடுங்கள்.

அடுத்த கோடையில் ஒரு நாள் வாசலில் பழைய குரல் கேட்டது. மீன்கார அக்கா. கூடையை இறக்கிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார். இளைத்திருந்தார். அன்றைக்கு என்னவோ அடுப்பில் காளான் வறுவல். தட்டில் ஒன்று வைத்துக் கொடுத்தேன். பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, "இன்னா மீனு கண்ணு இது, முள்ளே காணோம்?" என்றார். சொன்னேன். சிரித்தார்.

"நல்லாத்தான் கீது. அப்போ இனிமே நான் வர வேணாமா?"

உள்ளேயிருந்து மாமியார் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் வந்துவிட்டார். அரைக் கிலோ சங்கரா வாங்கினோம். அன்றைக்கு மட்டும் நான் பேரம் பேசவில்லை.