கையுறை போடாததா குற்றம்?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைத் தோல் தொழிலாளர்களின் நோய்க்கு அவர்களுடைய பழக்கவழக்கமே காரணம் என்கிறார் நண்பர். குடிக்கிறார்களாம், கையுறை போடுவதில்லையாம், பக்கத்து வேலூரில் சிஎம்சி மருத்துவமனை இருந்தும் முற்றிய பிறகே போகிறார்களாம். உழைத்து நோயாளியானவன் தலையிலேயே பழியையும் ஏற்றும் கொடுமையான வாதம் இது.

பச்சைத் தோலில் மயிர் நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்க்கிறார்கள். அந்தக் கழிவில் அமிலம் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். அது அடர்ந்திருக்கும் தொட்டிக்குள் இறங்கியவனை ஓரிரு மூச்சில் சாய்த்துவிடும். காப்பாற்ற இறங்கியவனையும் விடாது. எந்தக் கையுறை அதைத் தடுக்கும்? இறங்கச் சொன்னவர் யார் என்று நண்பர் கேட்கவே இல்லை. சுண்ணாம்புக் குழி, தொட்டி, டிரம் என்று ஈர வேலையெல்லாம் தலைமுறை தலைமுறையாகத் தலித்துகள் தலையில்தான் விழுகிறது. இதையும் அவர்களுடைய பழக்கம் என்பாரா?

2015 ஜனவரி 31, விடியும் முன். ராணிப்பேட்டையில் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்துத் தோல்ஷாப்பில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் கசடில் சிக்கிச் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். வேலை பார்த்த இடத்திலேயே படுத்ததைத் தவிர அவர்கள் செய்த தவறு என்ன?

சிஎம்சி பெரிய மருத்துவமனை, மறுக்கவில்லை. 1900இல் ஐடா ஸ்கடர் சிறிதாகத் தொடங்கியது, இன்று நாடெங்கிலுமிருந்து நோயாளிகள் வருகிறார்கள். ஆனால் ஆம்பூரிலிருந்து வேலூர் போய்வந்தால் ஒரு நாள் கூலி போகும், துணைக்கு வருகிறவர் கூலியும் போகும். வீட்டிலிருந்தே ஷூவின் மேல்பாகம் தைக்கும் பெண்களின் கதை இன்னும் மோசம். ஜோடிக் கணக்கில் கூலி. கம்பெனிப் பதிவேட்டில் பெயரே இருக்காது, அதனால் இஎஸ்ஐயும் கிடையாது, பிஎஃப்பும் கிடையாது. கழுத்தும் முதுகும் வலித்தாலும் அன்றைய ஜோடிகளை முடித்துக் கொடுத்தே ஆக வேண்டும். இவர்களையா ‘முன்பே வந்து காட்டக்கூடாதா’ என்று கேட்பது?

குடியும் இருக்கிறது, அதனால் கேடும் இருக்கிறது. ஆனால் பாலாற்றங்கரை நிலத்தடி நீரைக் கெடுத்தது குடிகாரன் அல்ல, தோல்ஷாப் கழிவு. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பிலேயே, சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ பாழானது பதிவாகியிருக்கிறது. கிணறு கெட்டதும் நிலத்தை விட்டவர்கள், நிலத்தைக் கெடுத்த அதே தொழிலில் கூலிக்கு நிற்க வேண்டிவந்தது. வசதி உள்ளவர் கேன் தண்ணீர் வாங்கிக்கொண்டார்.

2025 ஜனவரி 30 அன்று அதே நீதிமன்றம், பாதிக்கப்பட்டோருக்கு அரசு இழப்பீடு கொடுத்துவிட்டு, அந்தத் தொகையை மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. நண்பர் மறுப்பு எழுதுவதானால், இந்த இரண்டு தீர்ப்புகளையும் படித்துவிட்டு எழுதட்டும்.