செம்மண் மேட்டில் ஒரு காடு
"ஹிப்பி" காலத்துக் கனவும், இன்றைய வழக்கும்

தலைமுடியை நீளமாக வளர்த்த பையனைக் கண்டால், "என்னடா இது, ஹிப்பி மாதிரி!" என்று பெரியவர்கள் ஏசிய காலம் ஒன்று உண்டு. 1970-ம் ஆண்டுகளில் அது ஒரு வசவுச் சொல்.

ஹிப்பி என்றால் குளிக்காதவன், கஞ்சா குடிப்பவன், வேலைக்குப் போகாதவன். ஊரார் கொண்ட அர்த்தம் இதுதான்.

அது முழுப் பொய் அல்ல. முழு உண்மையும் அல்ல. அந்தக் கூட்டம் சொன்ன சொற்களில் ஒன்று இன்று நம் பிள்ளைகளின் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. "இயற்கையை அழிக்காதே" என்பதே அந்தச் சொல்.

யார் இவர்கள்?

1960-ம் ஆண்டுகளில் அமெரிக்காவில் வியட்நாம் போரை எதிர்த்து இளைஞர்கள் கிளம்பினார்கள். "பணம், பதவி, இயந்திரம் இவைதான் வாழ்க்கையா?" என்று கேட்டார்கள். வீட்டை விட்டு வெளியேறினார்கள். பலர் தரை வழியாகவே இந்தியாவுக்கு வந்து சேர்ந்தார்கள்.

அதே சமயத்தில் வேறொரு கவலையும் அங்கே வளர்ந்தது. பூச்சிமருந்து பறவைகளைக் கொல்வதைப் பற்றி ராச்சேல் கார்சன் என்ற பெண்மணி 1962-ம் ஆண்டு ஒரு புத்தகம் எழுதினார். நாடே விழித்துக்கொண்டது. 1970-ம் ஆண்டு ஏப்ரல் 22-ந் தேதி முதலாவது பூமி தினம் கொண்டாடப்பட்டது. சுமார் 2 கோடிப் பேர் கலந்துகொண்டார்கள். ஹிப்பிகள் மட்டும் அல்ல. மாணவர்கள், ஆசிரியர்கள், தாய்மார்கள் எல்லோரும் வந்தார்கள்.

பேசுவது எளிது. செய்து காட்டிய இடம் எது? அதைப் பார்க்க அமெரிக்காவுக்குப் போக வேண்டாம். அங்காளம்மன் குடிகொண்ட மேல்மலையனூர் இருக்கிற அதே விழுப்புரம் மாவட்டத்தில் ஓர் இடம் இருக்கிறது.

கடலோரத்துப் பொட்டல்

மேல்மலையனூரிலிருந்து கிழக்கே செஞ்சி, திண்டிவனம் தாண்டிப் போனால், மாவட்டத்தின் மறு கோடியில் வானூர் வட்டம். அங்கே கடலைப் பார்த்தபடி ஒரு செம்மண் மேடு. அதன் மேல்தான் ஆரோவில் இருக்கிறது.

புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் ஸ்ரீ அன்னை, எல்லா நாட்டு மக்களும் ஒன்றாக வாழ ஒரு நகரம் வேண்டும் என்றார். 1968-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி தொடக்க விழா. 124 நாடுகளின் மண்ணைக் கொண்டுவந்து ஒரு தாழியில் இட்டார்கள்.

அப்போது அந்த மேடு எப்படி இருந்தது? பழைய காடு எப்போதோ வெட்டப்பட்டுவிட்டது. மழை பெய்தால் மண் கரைந்து கடலுக்கு ஓடும். தரையெல்லாம் ஆழமான வெடிப்பும் ஓடையும்.

வந்தவர்கள் எல்லோரும் ஹிப்பிகள் அல்ல. போதைப் பொருள் கூடாது என்பது அங்கே சட்டம். ஆனால் "இயற்கையோடு வாழ்வோம்" என்ற அந்தக் காலத்து ஆசை அவர்களில் பலரிடம் இருந்தது. வந்து பார்த்தால் ஒதுங்க நிழல் இல்லை!

அதனால் முதல் வேலை மண்ணைக் காப்பதாயிற்று. வயல்களைச் சுற்றிக் கரை போட்டார்கள். ஓடைகளுக்குக் குறுக்கே சிறு அணைகள் கட்டினார்கள். மழைத் தண்ணீர் நின்று நிலத்தில் இறங்கியது. பிறகு கன்று நட்டார்கள். வெளிநாட்டாரோடு சேர்ந்து குழி வெட்டியவர்கள், தண்ணீர் சுமந்தவர்கள் பக்கத்துக் கிராமத்து ஆண்களும் பெண்களும்தான்.

எல்லோருக்கும் இது பிடித்துவிடவில்லை. ஆடு மேய்த்தவருக்கு அது மேய்ச்சல் நிலம். வேலி போட்டால் ஆடு எங்கே போகும்? அந்தக் கேள்வியிலும் நியாயம் இருந்தது.

விதை எங்கே கிடைத்தது?

முதலில் சீக்கிரம் வளரும் வெளிநாட்டு மரங்களை நட்டார்கள். நிழல் வந்தது. அந்த நிழலில் இந்த மண்ணுக்குரிய கருங்காலி, வீரை, காசான் போன்றவற்றை வளர்க்க விரும்பினார்கள். ஆனால் அவற்றின் விதை எங்கே கிடைக்கும்?

கோவில் காட்டில்!

அதே கடற்கரைப் பக்கம் கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோவிலைச் சுற்றி ஒரு பழைய காடு உண்டு. சாமி காட்டில் கிளை ஒடிக்க யாருக்குத் துணிவு வரும்? பயமும் பக்தியும் காத்த அத்தகைய காடுகளில்தான் பழைய மரங்கள் பிழைத்திருந்தன. அங்கே பொறுக்கிய விதைகள் ஆரோவில்லில் முளைத்தன.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். "சுற்றுச்சூழல்" என்ற சொல் நமக்குப் புதிது. காரியம் புதிதல்ல. படிக்காத பாட்டனார் அதை ஐயனார் பெயரில் செய்தார். படித்த பேரன் அதை விஞ்ஞானத்தின் பெயரில் செய்ய வேண்டியிருக்கிறது.

மரமா, நகரமா?

காடு வளர்ந்தது. கூடவே சண்டையும் வந்தது.

அன்னை நினைத்தது 50 ஆயிரம் பேர் வாழும் நகரம். 50 ஆண்டுகளுக்குப் பிறகும் அங்கே இருந்தவர்கள் சுமார் 3 ஆயிரம் பேர்தான். "திட்டப்படி வட்டச் சாலை போட வேண்டும். நகரம் எழ வேண்டும்" என்றது நிர்வாகம். "வளர்ந்த மரத்தை வெட்டாமல் சாலையைச் சற்று வளைக்கலாமே?" என்றார்கள் குடியிருப்பவர்களில் பலர். இரு தரப்பாரும் அன்னையின் பெயரைத்தான் சொன்னார்கள்.

2021-ம் ஆண்டு டிசம்பரில் மண் அள்ளும் இயந்திரங்கள் வந்தன. மரங்கள் சாய்ந்தன. இயந்திரத்தின் முன்னே ஆட்கள் நின்றார்கள். பசுமைத் தீர்ப்பாயம் தடை விதித்தது. 2022-ம் ஆண்டு ஏப்ரலில், சுற்றுச்சூழல் அனுமதி பெற வேண்டும் என்று உத்தரவிட்டது.

நிர்வாகம் மேலே போயிற்று. 2025-ம் ஆண்டு மார்ச் 17-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அந்த உத்தரவை ரத்து செய்தது. இந்த வழக்கைத் தீர்மானிக்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் இல்லை என்றது. சுத்தமான சூழல் எவ்வளவு முக்கியமோ, வளர்ச்சியும் அவ்வளவு முக்கியம் என்றும் கூறியது.

கோர்ட்டு முடிவு சொல்லிவிட்டது. ஆனால் கேள்வி ஆரோவில்லோடு முடியவில்லை. நான்குவழிச் சாலைக்காகப் புளியமரங்கள் விழும் ஊர்களிலெல்லாம் இதே கேள்விதான். சாலையும் வேண்டும், நிழலும் வேண்டும். எதை எவ்வளவு விட்டுக்கொடுப்பது?

நம் வீட்டு வாசலில்

இன்று மரம் நடாத விழா இல்லை. கன்று நடுகிறார்கள், படம் எடுக்கிறார்கள், போய்விடுகிறார்கள். அடுத்த கோடையில் அங்கே குச்சி மட்டும் நிற்கிறது.

ஹிப்பி காலத்து இளைஞர்களின் நீண்ட முடியும் பாட்டும் போய்விட்டன. தங்கியது காடு ஒன்றுதான். காரணம், பாட்டு முடிந்த பிறகும் சிலர் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

அமாவாசை இரவில் அங்காளம்மன் ஊஞ்சலைக் காண மேல்மலையனூருக்கு ஆயிரக்கணக்கில் குடும்பங்கள் வருகின்றன. ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பைகளுக்கு 2019-ம் ஆண்டு ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. தடை காகிதத்தில் இருந்தால் போதுமா? வீட்டிலிருந்து ஒரு துணிப்பை எடுத்து வருவது பெரிய காரியம் அல்ல.

சாமி காட்டில் கிளை ஒடிக்க அஞ்சிய ஜனங்கள் நாம். அந்த அச்சத்தில் கொஞ்சம் சாமியின் தெருவுக்கும், ஏரிக்கரைக்கும், வீட்டு வாசலில் நிற்கும் வேப்பங்கன்றுக்கும் மிச்சம் வைத்தால் போதும்.