கடைசி வரிக்கும் ஒரு கமா

பட்டியலின் கடைசி உறுப்புக்குப் பின்னும் கமா போடுவதே நல்ல நிரலாளருக்கு அழகு. அது இல்லாத பட்டியலின் அடியில் ஒரு வரி சேர்த்தால், பழைய வரியையும் தொட்டாக வேண்டும். கிட் இரண்டு வரிகள் மாறியதாகக் காட்டும். சரிபார்ப்பவரின் கவனம் வீணாகச் சிதறும்.

பைத்தானில் ஆபத்து இன்னும் பெரிது. புது வரி சேர்க்கும்போது "மா", "பலா" என்ற இரு சரங்களுக்கு நடுவே கமா விட்டுப்போனால் பிழைச்செய்தி வராது. இரண்டும் ஒட்டிக்கொண்டு "மாபலா" ஆகிவிடும். பட்டியலில் ஓர் உறுப்பு காணாமல்போனது யாருக்கும் தெரியாது.

மூடும் அடைப்புக்குறி தனி வரியில் வந்தால், கோ மொழியில் கடைசிக் கமா கட்டாயம். 2023-இல் வெளியான பிரிட்டியர் 3 என்ற நிரல் வடிவமைப்புக் கருவி, முடிந்த இடங்களிலெல்லாம் கடைசிக் கமா இடுவதை ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களுக்கு இயல்பான அமைப்பாக்கியது.

ஜேசானோ கடைசிக் கமாவை இன்னும் மறுக்கிறது. மனிதர்கள் கையால் திருத்தும் அமைப்புக் கோப்புகளுக்கு இந்தக் கண்டிப்பு பொருந்தவில்லை.